நாமினேட்: பேர் குடுக்கிறதா, பதவி குடுக்கிறதா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நாமினேட்ங்கிற ஒரே ஒரு சொல்லைப் பத்தித்தான் பேசப்போறேன், ஏன்னா மொரிஷியஸ்ல இருக்கிற நமக்கு இது இங்கிலீஷ்லயும் காதுல விழுது பிரெஞ்சுலயும் விழுது, ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு நியூஸ் கேட்டா விஷயமே தலைகீழாப் போயிரும்.

லத்தீன்ல நோமென்னா பேர். அதுல இருந்து நோமினாரே, அதாவது பேர் சொல்லிக் கூப்பிடுறது, பேர் வைக்கிறது, அப்புறம் ஒருத்தர் பேரைச் சொல்லிப் பதவியில உக்கார வைக்கிறது. இங்கிலீஷுக்கு 16ஆம் நூற்றாண்டுல வந்துச்சு. இலக்கணத்துல படிச்ச நவுன் கூட இந்த நோமென்தான். இக்னோமினின்னு ஒரு சொல் இருக்கு, அவமானம்னு அர்த்தம், அதுக்குள்ளயும் இதே நோமென், நாம பேர் கெட்டுப்போச்சுன்னு சொல்றோம்ல அதே நெனப்பு. எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, நம்ம கோயில்ல சகஸ்ரநாம அர்ச்சனை பண்றாங்களே அந்த நாமம் சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, அதுக்கும் நோமெனுக்கும் ஆதி வேர் ஒண்ணு. பேர்ங்கிறது மட்டும் நம்ம சொந்தச் சொல்லு.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். எலெக்ஷன் சமயத்துல நாமினேஷன் டேன்னா வேட்புமனு குடுக்கிற நாள், அவ்வளவுதான், ஜெயிக்கிறதும் தோக்குறதும் அதுக்கப்புறம். ஆனா பிரெஞ்சுப் பேப்பர்ல நொமினாசியோன்னு போட்டிருந்தா வேலை முடிஞ்சுது, ஆளைப் போட்டாச்சு. நொமினே பொலிட்டிக்னு எழுதுறாங்களே, அது போட்டி போடுறவங்க இல்ல, கட்சி பார்த்துப் பதவியில வச்சவங்க.

அப்ப இங்கிலீஷ்ல இந்த அர்த்தமே இல்லையான்னா, இருக்கு. பிரிட்டிஷ்காரன் ஆண்டப்போ நம்ம மொரிஷியஸ்ல 1948ல வந்த லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்ல, அதாவது அப்போதைய சட்டசபையில, 19 பேர் ஓட்டுல வந்தவங்க, 12 பேர் கவர்னர் நாமினேட் பண்ணவங்க. அவங்களுக்கு யாரும் ஓட்டுப் போடல, கவர்னர் பேரைச் சொன்னா அதுதான் முடிவு. அதனால இங்கிலீஷ்ல இந்தச் சொல்லு வந்தா யார் பேரைச் சொல்றாங்க, அதுக்கு மேல முடிவு பண்ண இன்னொருத்தர் இருக்காங்களான்னு பார்த்தாத்தான் தெரியும்.

தமிழ்ல நமக்கு முன்மொழியறது வேற, நியமிக்கிறது வேற. இங்க தமிழ்ல நியூஸ் எழுதுற தம்பி தங்கச்சிங்களுக்கு நான் சொல்றது இதுதான்: நாமினேஷன்னு கண்ணுல பட்டதும் நியமனம்னு எழுதிராதீங்க, அந்தச் செய்தி முதல்ல எந்த பாஷையில வந்துச்சுன்னு பார்த்துட்டு எழுதுங்க.

நன்றி, வணக்கம்.