சாமி கண்ணு முன்னாடி நிக்குது, இப்பவும் நீ நாத்திகனா?

வணக்கம் மக்களே. காத்து சத்தம் கேட்டா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. திருவொற்றியூர்ல கடலோரம் கொட்டி வெச்சிருக்காங்களே கல்லு, அது மேல உக்காந்துதான் பேசினு இருக்கேன். வூட்ல பேசலாம்னு பாத்தா அம்மா பக்கத்து ரூம்ல. இன்னிக்கு டாபிக்கு அவங்க காதுல விழுந்தா நைட்டு சோறு கெடைக்காது.

போன சனிக்கிழமை தண்டையார்பேட்டைல ஃப்ரெண்டு வூட்டு மொட்டமாடில நான் செத்துட்டேன். பதறாதீங்க, விளையாட்டுலதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல அமெரிக்கால வந்தது. 20 பக்கம் இருக்குற தாயக்கட்டை, பேப்பர், பென்சில், இது போதும். ஒருத்தர் கதை சொல்லுவாரு, அவருதான் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். என் கேரக்டர் ஒரு திருடன், சாமி பூதம் எதையும் மதிக்காதவன். எங்க தாத்தா கறுப்புச் சட்டை போட்டவரு, அந்த ரத்தம் விளையாட்டுலயும் வருது, இன்னா பண்றது.

சரி, ஒரு ராட்சசன் கதாயுதத்தால ஒரே போடு போட்டான், நான் காலி. எங்க டீம்ல ஒருத்தன் பூசாரி. லதாண்டர்னு விடியலுக்கு ஒரு சாமி, அவரைக் கும்பிடுறவன். செத்தவனை எழுப்புற மந்திரம் அவன்கிட்ட இருக்கு. அதுக்கு ரூல் இருக்கு: செத்து 10 நாளைக்குள்ள போடணும், 500 தங்கக் காசு பெறுமான வைரம் ஒண்ணு கரைஞ்சு போகும், முக்கியமா செத்தவனோட உயிர் திரும்பி வர சம்மதிக்கணும். டன்ஜன் மாஸ்டர் என்னைப் பாத்து, "லதாண்டர் உன்னைக் கூப்பிடுறாரு, வரியா?"ன்னாரு. பூசாரி ஃப்ரெண்டு ஒரே சிரிப்பு. "டேய், சாமி உன்கிட்டயே பேசுது. இப்பவும் நாத்திகமா?"

நான் பதில் சொல்லல. மணி ரெண்டு வரைக்கும் சண்டை. கீழ் வூட்டு ஆயா வந்து திட்டினதும்தான் கலைஞ்சோம். கேமை அப்படியே நிறுத்தி வெச்சிருக்கோம், நான் இன்னும் செத்துப்போய்தான் கீறேன்.

ஆனா அவன் கேட்டது நல்ல கேள்வி. நம்ம உலகத்துல சண்டையே "இருக்கா இல்லையா"ன்னுதான். அந்த உலகத்துல அது கேள்வியே இல்ல. கூப்பிட்டா வருது, புண்ணு ஆறுது, பொணம் எழுந்து உக்காருது. அங்க போய் "கடவுள் இல்லை"ன்னு சொன்னா, நடுமத்தியானத்துல சூரியன் இல்லைன்னு சொன்ன மாதிரி. அப்ப அங்க நாத்திகன்னா யாரு?

பெரியார் பேர்ல ஒரு கதை ஊர்ல சுத்துது, கேட்டிருப்பீங்க. கடவுள் நேர்ல வந்து நின்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டாங்களாம், இருக்காருன்னு சொல்லிட்டுப் போறேன்னாராம். அவரு நெஜமாவே சொன்னாரா, அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல. ஆனா எனக்கு ஒரு குறை. கதை அங்கயே முடிஞ்சிடுது. இருக்காருன்னு சொல்லிட்ட சரி, அப்புறம்? கையெடுத்துக் கும்பிடுவியா மாட்டியா? எங்க சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

இந்த கேமை எழுதுனவங்க இதுக்கு வெச்ச பதில் இருக்கே, அது கேவலம்னுதான் சொல்லுவேன். நாங்க விளையாடுற உலகம் பேரு ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். அங்க செத்தா ஒரு சாம்பல் நெற சமவெளிக்குப் போவ. நீ கும்பிட்ட சாமியோட ஆளுங்க வந்து கூட்டினு போவாங்க. யாரையுமே கும்பிடலைன்னா? ஒரு மதில் இருக்கு, அதுல உன்னை செங்கல்லு மாதிரி வெச்சுப் பூசிடுவாங்க. ஒரு பாசி மாதிரி ஒண்ணு புடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போயிடுவ. நல்லவனா வாழ்ந்தியா, நாலு பேருக்கு சோறு போட்டியா, எதுவும் கணக்கு இல்ல. ரவுடி கடைக்காரன்கிட்ட மாமூல் கேக்குற மாதிரிதானே இது? மாமூல் குடுக்குறவனை யாராச்சும் பக்திமான்னு சொல்லுவாங்களா? பயந்துதானே குடுக்குறான்! 2015ல வந்த இந்த கேமோட ஒரு புக்ல கூட இந்த மதிலைப் பத்தி வரி இருந்துச்சு. 2020ல திருத்தம் போட்டு அந்த வரியைத் தூக்கிட்டாங்க. அவங்களுக்கே உறுத்தியிருக்கும் போல.

இன்னொரு பதில் இருக்கு, அது கொஞ்சம் உஷாரு. 1994ல இதே கேமுக்கு பிளேன்ஸ்கேப்னு இன்னொரு கதை உலகம் வந்துச்சு. அதுல ஒரு கோஷ்டி, பேரு அத்தார். ஆதார் இல்ல, அத்தார். இவங்க சாமிங்க இல்லைன்னு சொல்லல. "இருக்காங்க, பலசாலிங்க, ஒத்துக்குறோம். ஆனா பலசாலிங்கறதால கடவுள் ஆயிடுவாங்களா?"ன்னு கேக்குறாங்க. அந்த உலகத்துல செத்துப்போன சாமிங்களோட உடம்பு வெட்டவெளில மலை மாதிரி மிதக்குது. அதைக் காட்டி, சாவுறதை எப்படி கடவுள்னு சொல்றதுங்கறாங்க. எங்க தாத்தா இருந்திருந்தா அன்னிக்கே மெம்பர் ஆயிருப்பாரு. பாத்ஃபைண்டர்னு இதே மாதிரி இன்னொரு கேம், அதுல ரஹதூம்னு ஒரு நாடே இருக்கு, சாமி கும்பிட்டா குத்தம். சாமி மருத்துவமும் கெடையாது, அதனால நோய் வந்தா பெரிய பேஜாரு. அந்த வெலையைத் தெரிஞ்சேதான் குடுக்குறாங்க. எனக்கு இதுல பாதி மரியாதை, பாதி கோவம். ஜுரத்துல கெடக்குற புள்ளைகிட்ட கொள்கை பேசுவியா?

ஆனா மக்களே, நான் இங்க வந்து உக்காந்ததுக்கு காரணமே வேற. இந்தக் கல்லுலேர்ந்து நடந்து போற தூரத்துலதான் தியாகராஜர் கோயில். அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி வடிவுடையம்மனைப் பாக்கப் போவாங்க, சின்ன வயசுல என்னையும் இழுத்துனு போவாங்க. அங்க ஒரு மகிழ மரம். அந்த மரத்தடி கதையை விட பெரிய ஃபேன்டசி எனக்குத் தெரியல.

சுந்தரர், தேவாரம் பாடுன நாயன்மாரு. அவருக்கு சாமி இருக்காங்கற சந்தேகமே கெடையாது, பேரே தம்பிரான் தோழர். ஃப்ரெண்டுப்பா! இந்த ஒற்றியூருக்கு வந்து சங்கிலியார்ங்கற பொண்ணைப் பாத்துட்டு, கட்டி வைய்யின்னு சாமிகிட்டயே தூது சொல்றாரு. ஏற்கனவே திருவாரூர்ல பொண்டாட்டி பரவையார் இருக்காங்க. சங்கிலியார் தரப்புல, உன்னைப் பிரிய மாட்டேன்னு சத்தியம் பண்ணணும்ங்கறாங்க. இவரு டபாய்க்கப் பாக்குறாரு. சாமிகிட்ட, "நான் சன்னதில சத்தியம் பண்ணும்போது நீ உள்ள இருக்காத, மகிழ மரத்தடிக்குப் போயிடு"ன்னு டீல் பேசுறாரு. சாமி சரின்னுட்டு, நேரா சங்கிலியார் கனவுல போய், "சத்தியத்தை மகிழ மரத்தடில வாங்கிக்கோ"ன்னு போட்டுக் குடுத்துட்டாரு. எந்த டன்ஜன் மாஸ்டருக்கு இந்த மூளை வரும்? மாசித் திருவிழாவுல மகிழடி சேவைன்னு இன்னிக்கும் நடக்குது.

அப்பால சுந்தரர் சத்தியத்தை மீறி ஊரைத் தாண்டுறாரு, ரெண்டு கண்ணும் போயிடுது. தடவித் தடவி திருவெண்பாக்கம் போறாரு. போய், கோயில்ல இருக்கியான்னு கேக்குறாரு. உள்ளேர்ந்து பதில் வருது: "உளோம், போகீர்." இருக்கோம், நீ போ. அவ்ளோதான். கையில ஒரு ஊன்றுகோல் மட்டும் குடுத்தாரு.

இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இருக்காரா இல்லையாங்கற கேள்விக்கு இதை விட நேரா ஒரு பதில் யாருக்காச்சும் கெடைச்சிருக்குமா? ஆனா குருடனுக்கு அந்தப் பதிலால இன்னா பிரயோஜனம்? சொல்ல மறந்துட்டேன், அந்தப் பழைய கோயில் இருந்த எடம் பூண்டி ஏரிக்குள்ள போயிடுச்சு. ஏரி கட்டும்போது கோயிலை வேற எடத்துக்கு மாத்துனாங்க. நம்ம மெட்ராஸ் குடிக்கிற தண்ணி அது.

அப்புறம் காஞ்சிபுரத்துல இடது கண்ணு வந்துச்சு. திருவாரூர் போய் மிச்ச கண்ணுக்குப் பாடும்போது, உனக்கு மீளா அடிமைன்னு ஆரம்பிக்கிறாரு. முடிக்கும்போது "வாழ்ந்து போதீரே"ங்கறாரு. நல்லா இரு சாமி, நீ மட்டும் நல்லா இருன்னு வயிறெரிஞ்சு சொல்றது. மதிலுக்குப் பயந்து கும்பிடுறவன் வாயில இந்த வார்த்தை வருமா? எங்க பூசாரி ஃப்ரெண்டு ஒரு நாளாச்சும் லதாண்டரைத் திட்டியிருக்கானா? மந்திரம் வேணும், கும்பிடுறான், வாங்கிக்கிறான். கரெண்ட் பில் கட்டுறவனும் அப்படித்தான். அத்தனை பேருக்கும் சாமி இருக்குன்னு தெரியுற உலகத்துல, பக்தின்னா இப்படி சாமியையே திட்டுற உரிமைதான்னு எனக்குத் தோணுது. நாத்திகம்னா அந்த உறவே வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது. ரெண்டுக்கும் தில்லு வேணும். என்னால ரெண்டாவதுதான் முடியும், அதுவும் விளையாட்டுல.

வர்ற சனிக்கிழமை பதில் சொல்லணும். வரேன்னு சொல்லத்தான் போறேன், செத்துக் கெடந்து இன்னா பண்றது? ஆனா லதாண்டருக்குக் கும்பிடு கெடையாது. அந்த 500 காசு வைரம் பூசாரி பய இரும்புக் கவசம் வாங்கறதுக்கு சேத்து வெச்சது. அவனுக்குத்தான் நான் கடன். போன வாரம் பஜ்ஜி காசும் அவன்தான் குடுத்தான், அது வேற 120 ரூவா.