படிக்கும் காலத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எதை வாங்கலாம், எதை விட்டு விலகலாம்

வணக்கம். படித்துக்கொண்டே பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில், ஓட்டுவதற்கு உற்சாகம் தரும் பழைய கார் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காக இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடை குறைந்த, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளித் திறனைக் கூட்டும் கருவி) இல்லாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற, சர்வீஸ் பில்கள் ஒழுங்காகக் கோத்து வைக்கப்பட்டிருக்கிற காரைத் தேடுங்கள், குதிரைத்திறன் எவ்வளவு என்பதைக் கடைசியாகப் பாருங்கள். கேட்பதற்குச் சப்பென்று இருக்கலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

காரைத் தேடத் தொடங்கும் முன்பே காப்பீட்டுக் கட்டணத்தை விசாரித்துவிடுங்கள். பல நாடுகளில் 25 வயதுக்கு உட்பட்ட ஓட்டுநர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. அதிலும் காரின் பெயருக்குப் பின்னால் டர்போ என்றோ ஜிடிஐ என்றோ ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் கட்டணம் இன்னும் ஏறுகிறது, சில வேளைகளில் ஓராண்டுக் காப்பீடே அந்தப் பழைய காரின் விலையை எட்டிப் பிடித்துவிடுகிறது. பிடித்த மாடல்கள் நான்கைந்தை எழுதிக்கொண்டு, உங்கள் வயதையும் உரிமம் எடுத்த ஆண்டையும் சொல்லி ஒவ்வொன்றுக்கும் தொகை கேட்டால், பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். அப்பாவையோ அம்மாவையோ முதன்மை ஓட்டுநராகக் காட்டிவிட்டு நாம் ஓட்டிக்கொள்ளலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். பல இடங்களில் அது மோசடியாகவே கருதப்படுகிறது. விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்பட்டால் அந்தச் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்.

அடுத்தது, கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். கால் பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள். காரணம் எளிமையானது: கார் பழசாகும்போது அதன் விலைதான் இறங்குகிறது, உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர் 1996-ல் வெளிவந்தது. இன்று அதைச் சாதாரண ஹேட்ச்பேக் ஒன்றின் விலைக்குக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதன் பிரேக்கும் கிளட்சும் சஸ்பென்ஷனும் போர்ஷேயின் விலையில்தான் வரும். போதாததற்கு, எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் தேய்ந்து உடைந்தால் எஞ்சினே போய்விடக்கூடிய பலவீனம் அந்தக் காருக்கு இருப்பது ஊரறிந்தது. மாணவர் ஒருவர் அதை வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

எடைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. 1976-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் திறன் 110 குதிரைத்திறன்தான். எடை சுமார் 800 கிலோ. 1989-ல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 115 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்குள். இன்றைய குடும்பக் கார்கள் பல இவற்றை நேர்க்கோட்டில் எளிதாக முந்திவிடும். ஆனாலும் வளைவில் திரும்பும்போது கிடைக்கும் துடிப்புக்காக இவற்றை இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். எடை குறைந்தால் சிறிய பிரேக்கே போதும், அகலம் குறைந்த டயரே போதும், பெட்ரோலும் குறைவாகவே செல்லும். அதாவது ஓட்டும் சுகத்தைத் தருகிற அதே குணம் மாதச் செலவையும் குறைக்கிறது. குதிரைத்திறன் கூடும்போது இவை எல்லாமே எதிர்த்திசையில் நகரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 115 குதிரைத்திறன் உள்ள காரின் முழுத் திறனையும் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் அனுபவிக்க முடியும், 300 குதிரைத்திறன் உள்ள காரில் அது நடக்காது.

அப்படியானால் எந்தக் கார்? எம்எக்ஸ்-5 கிடைக்கும் ஊரில் இருப்பவராக இருந்து, இரண்டு இருக்கைகள் போதுமென்றால் அதைத்தான் முதலில் சொல்வேன். முதல் இரண்டு தலைமுறைகளில் எஞ்சின் மிக உறுதியானது, துருதான் எதிரி. துணிக்கூரையில் விழும் மழைநீர் வெளியேறுவதற்குப் பின்பக்கம் சிறு வடிகால்கள் உண்டு. அவற்றில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் கதவுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுப் பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே நிறையவே போயிருக்கும். நண்பர்களையும் பெட்டியையும் ஏற்ற வேண்டியவர்களுக்குச் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 1.6 லிட்டர் டர்போ இல்லாத தலைமுறைகள் பொருத்தமானவை. ஒரு டன்னை ஒட்டிய எடை, சாதாரண ஸ்விஃப்டோடு பல பாகங்கள் பொது. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் 2012-ல் வந்த டொயோட்டா 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் இரண்டும் அருமையானவை: 2 லிட்டர், 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். ஆனால் தொடக்க ஆண்டுகளின் கார்கள் வால்வு ஸ்பிரிங் குறைபாட்டுக்காக 2018-ல் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த வேலை நடந்ததா, யார் செய்தார்கள் என்பதைக் காரின் அடையாள எண்ணைக் கொண்டு விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தவிர்க்கச் சொல்லும் கார் மாஸ்டா ஆர்எக்ஸ்-8. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களுக்குப் பதிலாகச் சுழலும் பாகம் கொண்ட அந்த ரோட்டரி எஞ்சின் உச்சச் சுழற்சிக்கு ஏறும்போது வரும் ஒலிக்கு நான் அடிமை என்பது இந்தச் சானலைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் அது எஞ்சினின் உட்புறச் சீல்களை நனைப்பதற்காக வேண்டுமென்றே ஆயிலை எரிக்கும் அமைப்பு. அடிக்கடி ஆயில் பார்த்து ஊற்ற வேண்டும், பெட்ரோலும் தாராளமாகக் குடிக்கும், எஞ்சினுக்குள் உள்ள அழுத்தத்தை அளப்பதற்குக்கூட ரோட்டரிக்கென்று தனிக் கருவி தேவை. அதேபோல 2007-ஐ ஒட்டி வந்த இரண்டாம் தலைமுறை மினி கூப்பர் எஸ் காரில், எஞ்சின் வால்வுகளின் இயக்கத்தை ஒத்திசைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம் தளர்ந்துபோகும் சிக்கல் பெயர் பெற்றது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் கடகடவென்று சத்தம் வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மாற்றம் செய்யப்பட்ட கார்களைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது. தாழ்த்திய சஸ்பென்ஷன், பெரிய சைலன்சர், எஞ்சின் கணினியில் மாற்றிய நிரல் ஆகியவற்றுக்கு விற்பவர் எவ்வளவு செலவழித்தார் என்பதைப் பெருமையாகச் சொல்வார். அந்தக் கார் எப்படி ஓட்டப்பட்டிருக்கும் என்பதை அதே பட்டியல் உங்களுக்குச் சொல்லிவிடும். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் கட்டணம் ஏறலாம். கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்து காரோடு சேர்த்துத் தருபவர் என்றால் மட்டும் கொஞ்சம் இளகலாம்.

இப்போது காரைப் பார்க்கப் போகும் நாள். விற்பவரிடம் முன்கூட்டியே, நான் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் பேச்சு கொடுத்துக்கொண்டே பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் ஏதோ ஒரு சத்தத்தையோ புகையையோ மறைக்க முயன்றிருக்கிறார் என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கம்பியை உருவி அளவைப் பாருங்கள், கூலண்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஒருவரைக் கிளப்பச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. குளிர்காலைகளில் சிறிது நேரம் வரும் வெள்ளை ஆவி இயல்பானது. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது, எஞ்சினின் மேற்பகுதியை அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கெட்டை மாற்றுவது வரை செலவு போகும்.

கேமராவைக் கொஞ்சம் கீழே கொண்டுவருகிறேன். இந்த டயரின் பக்கச் சுவரில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் தெரிகின்றனவா? 2319 என்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தாலும் இதன் ரப்பர் இறுகிவிட்டது, விரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லை, ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. ஆகவே நான்கு டயர்களின் விலையையும் பேரத்தில் கணக்கிட வேண்டும். நான்கும் நான்கு கம்பெனியாக இருந்தால், செலவைத் தள்ளிப்போட்டே பழகியவர் கையில் கார் இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உட்புற ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் அலைன்மென்ட் (அவை நிற்கும் கோணம்) மாறியிருக்கலாம், அல்லது எங்கோ இடித்து ஏதோ வளைந்திருக்கலாம். சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பிரேக் டிஸ்கின் விளிம்பை விரலால் தடவுகிறேன், பாருங்கள், இந்த மேடு கையில் தட்டுகிறது. மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு டிஸ்க் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு மெலியலாம் என்ற குறைந்தபட்ச அளவு டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

உடற்பகுதியைப் பகல் வெளிச்சத்தில், ஈரமில்லாத நிலையில் பாருங்கள். நீர்த்துளிகள் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பட்டி பூசி டிங்கரிங் செய்த இடத்தில் சிறு காந்தம் சரியாக ஒட்டாது, அலுமினியப் பாகங்களில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. ஓடோமீட்டர் சொல்லும் கிலோமீட்டருக்கும் பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங்கின் பளபளப்பு, ஓட்டுநர் இருக்கையின் ஓரத் தேய்மானம் ஆகியவற்றுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பில்களில் உள்ள எண்கள் தேதி வாரியாக ஏறிக்கொண்டே வருகின்றனவா என்றும் பாருங்கள்.

அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களில் 2001 முதலும், டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனர் செருகும் 16 முனைச் சாக்கெட் கட்டாயமானது. மலிவான ஸ்கேனர் ஒன்றே போதும். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். கார் தன்னைத்தானே பரிசோதிக்கும் சோதனைகள் முடிந்தனவா என்ற பக்கத்தையும் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை முடிக்கப்படாதவை என்று வந்தால், குறியீடுகளைச் சற்று முன்பு யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். இரண்டில் எது என்பதை விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடான பிறகு, நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதியுங்கள். சுழற்சிமானி ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இரண்டாவது கியருக்கு மேலிருந்தும் கீழிருந்தும் மாற்றிப் பாருங்கள், முரட்டுத்தனமாக ஓட்டப்பட்ட கார்களில் முதலில் கரகரப்பது பெரும்பாலும் அந்தக் கியர்தான். யாருமில்லாத நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினால் கார் ஒருபக்கம் இழுக்கக் கூடாது. திரும்பி வந்து சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டு, வெப்பமானி நிலையாக நிற்கிறதா என்றும் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடித்திருந்தால், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது, அவை பெரிதாக இருப்பதைவிட முக்கியம். இந்தப் பரிசோதனைக்கே சம்மதிக்காதவரிடம் பேரம் பேசுவது வீண். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா, சட்டகத்தில் பொறித்த எண் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா, காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பவற்றைப் பணம் கைமாறும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில், பில் என்ன சொன்னாலும் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். டைமிங் செயினுக்குப் பதிலாக டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்து, அதை மாற்றியதற்கான பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அதையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். பல எஞ்சின்களில் ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டருக்குள் அல்லது சில ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டிய பாகம் அது, அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் எஞ்சின்கள் நிறைய உண்டு. ஒதுக்கி வைத்த பணத்தில் மிச்சமிருந்தால், அலாய் வீலுக்கும் ஸ்டிக்கருக்கும் போகாமல் நல்ல டயர்களுக்குச் செலவிடுங்கள். தேர்வுக் காலத்தில் கார் வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால், பேட்டரியின் நெகட்டிவ் (−) முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கப் போங்கள்.