காமன் கூத்துப் பாடல்களைப் பதிய எந்த மென்பொருள்? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காமன் கூத்து என்பது மன்மதன், ரதி கதையைப் பாடி ஆடும் நம் தோட்டத்துக் கூத்து; தப்பு என்பது அதற்கு அடிக்கும் பறை, உடுக்கு சின்னக் கைமேளம். அவருடைய கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துப் பாடல்களைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் பாடுவார். இரண்டு தப்பு, ஓர் உடுக்கு, பின்பாட்டுக்கு நான்கு பேர். கையில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி இருக்கிறது. ட்ரெக் ட்ரெக்காகப் பிரித்துப் பதியக் குறைந்த செலவில் எந்த மென்பொருள் வாங்கலாம்? நண்பர் ஒருவர் விலை கூடிய மென்பொருள் ஒன்றைச் சும்மா போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. பூட்டை உடைத்த மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரலாம். நாளைக்கு மடிக்கணினி பழுதாகி வேறொன்று வாங்கினால், அதில் இந்த மென்பொருள் ஓடும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. நல்ல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும்போது அந்த வழி எதற்கு?

இனி விஷயத்துக்கு வருவோம். எத்தனை ட்ரெக், அதாவது தனித்தனியாகப் பதியும் எத்தனை ஒலித்தடம், வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தால், ஒரே ஒரு மைக்கை வைத்துக்கொண்டு இருபது ட்ரெக் கூடச் சேர்க்கலாம். ஆனால் கூத்துப் பாட்டை அப்படித் துண்டு துண்டாகப் பதியக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ரதி அழுகிற இடத்தில் பாடுபவர் இழுப்பார். தப்புக்காரர் அவர் முகத்தைப் பார்த்துத்தான் அடியை விடுவார். பாடுபவரைத் தனி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கணினியின் தாளத்துக்குப் பாடச் சொன்னால் அந்தப் பாட்டு செத்துவிடும். ஆகவே பாடுபவருக்கு ஒரு மைக், இரண்டு தப்புக்கும் நடுவில் ஒரு மைக், இரண்டையும் ஒன்றாகப் பதியுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவிக்கு ஓடியோ இன்டர்பேஸ் என்று பெயர்; இரண்டு மைக் செருகக்கூடியது ஒன்று போதும். உடுக்கையும் பின்பாட்டையும் பிறகு ஹெட்போனில் கேட்டபடி சேர்க்கலாம். ஆக மொத்தம் நான்கு ட்ரெக்.

இதற்கு ஓடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் போதுமா? போதும். அது முழு இலவசம், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முன்பெல்லாம் குரலுக்கு எதிரொலி சேர்த்தால் அது பதிவோடு ஒட்டிக்கொள்ளும். 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து கேட்டுக்கொண்டே கூட்டலாம், குறைக்கலாம், எடுத்தும் விடலாம். உங்களிடம் மெக் இருந்திருந்தால் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்ட் என்ற மென்பொருளையே சொல்லியிருப்பேன்.

என்றாலும் உங்களுக்கு நான் சொல்வது ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். விண்டோஸுக்கான கோப்பு 20 எம்பிகூட இல்லை. டேட்டா செலவு பெரிதாக ஆகாது, பழைய மடிக்கணினியும் தாங்கும். 60 நாட்கள் எந்த வசதியும் குறையாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 60 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 18,000 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்கூலிப்படி பார்த்தால், நம் வீட்டுப் பெண்கள் 13 நாட்களுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். அது சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், முதல் இரண்டு மாதத்திலேயே உங்கள் பாடல்களைப் பதிந்துவிடுங்கள். தொடர்ந்து வேலை செய்யத் தோன்றினால் குழுவாகச் சேர்ந்து பணம் கட்டுங்கள். பாடுவதைப் பதியும்போது எதிரொலி முதலான எதையும் போட்டுக் கணினிக்குச் சுமை ஏற்றாதீர்கள், அதெல்லாம் பிறகு.

ரீப்பரைச் சொல்வதற்குக் காரணம் வெட்டி ஒட்டும் வேலைதான். பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பதால் தப்புச் சத்தம் குரல் மைக்கிலும் விழும். ஒரு ட்ரெக்கை மட்டும் வெட்டினால் மற்றதில் பழைய அடி மிச்சமாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். ரீப்பரில் இரண்டு துண்டுகளையும் தேர்ந்து ஜி விசையை அழுத்தினால் அவை ஒன்றாகக் கட்டப்படும். எஸ் விசையால் இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டலாம். மூலப் பதிவு கலையாது, தவறாக வெட்டினாலும் மீட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. தப்பைத் தீயில் காய்ச்சித்தான் அடிக்கிறோம். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் தோல் சீக்கிரம் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். முதல் தடவை பதிந்ததையும் அரை மணி கழித்துப் பதிந்ததையும் ஒட்டினால் வேறு வேறு தப்புப் போலக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் காய்ச்சிய பிறகே பதியுங்கள். தகரக் கூரையில் மழை விழும் லயத்து காம்பராவில், அதாவது தோட்ட வரிசை வீட்டு அறையில், பதிய வேண்டாம். மழை ஓய்ந்த விடியற்காலையைப் பாருங்கள். மென்பொருள் காட்டும் ஒலி அளவுமானியில் தப்பின் உச்ச அடி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி மைக்கின் அளவைக் குறைத்து வையுங்கள். 24 பிட் என்ற கூடிய தரத்தில் பதிந்தால், குறைவாகப் பதிந்த சத்தத்தைப் பிறகு தாராளமாக உயர்த்தலாம். அளவு மீறி உடைந்து பதிந்த அடியைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

கோப்பைச் சேமிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு கூத்து வாத்தியாரை இரண்டு இரவு பாட வைத்துப் பதிந்தேன். பென்டிரைவில் மென்பொருளின் திட்டக் கோப்பை (project file) மட்டும் எடுத்து வைத்தேன். ஒலி வேறொரு கோப்புறையில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. கணினியைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகு திறந்தால் வெறும் கோடுகள். வாத்தியார் இன்று இல்லை. அந்தப் பாடல்களும் இல்லை. ரீப்பரிலும் திட்டக் கோப்பில் ஒலி இருக்காது. எந்தத் துண்டு எங்கே நிற்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். குரலும் தப்பும் தனித்தனி வேவ் (WAV) ஒலிக் கோப்புகளாக இருக்கும். ஆகவே பாட்டுக்கு ஒரு கோப்புறை வைத்து, முழுக் கோப்புறையையும் இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு ட்ரெக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, நான்கு ட்ரெக் என்றால் 173 எம்பி அளவில் முடிந்துவிடும். இடமில்லை என்று, சுருக்கித் தரத்தைக் குறைக்கும் எம்பி3 ஆக மாற்றி மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று தம்பி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், மைக் திறந்திருக்கும்போதே, பாடுபவர் தன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும், யாரிடம் அந்தப் பாட்டைக் கற்றார் என்பதையும் சொல்லட்டும். அந்தப் பகுதியை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.