அடுக்களை இல்லாத இடத்தின் உணவு: உடனடி நூடுல்ஸ்

(காட்சி: தக்கலையில் ஒரு மளிகைக்கடை. வாசலில் சரம்சரமாகத் தொங்கும் நூடுல்ஸ் பாக்கெட்டுகள்.)

2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12,000 கோடி பாக்கெட் உடனடி நூடுல்ஸ் விற்பனையாயின. அவற்றில் 800 கோடிக்கு மேற்பட்டவை இந்தியாவில் விற்றவை. இடியாப்பமும் புட்டும் மரச்சீனிக் கிழங்கும் தலைமுறைகளாகப் பழகிய குமரி மாவட்டத்திலும் இந்தப் பாக்கெட் இல்லாத கடையைக் காண்பது அரிது.

(காட்சி: எண்ணெயில் பொரியும் நூடுல்ஸ், மிக அருகில்.)

இதன் செய்முறை எளிது. கோதுமை மாவை நூலாக்கி ஆவியில் வேகவைத்து, சுமார் 150 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள எண்ணெயில் பொரிக்கும்போது, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறி, போன வழியெல்லாம் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. பிறகு வெந்நீர் ஊற்றினால், அந்தத் துளைகள் வழியாகவே நீர் மீண்டும் உட்புகுந்து நூடுல்ஸை மென்மையாக்குகிறது. தைவானில் பிறந்த மோமோஃபுகு ஆண்டோ, ஜப்பானின் இகேடா நகரில் தம் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இம்முறையைக் கண்டறிந்து, 1958 ஆகஸ்ட் 25 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்று அதன் விலை 35 யென். கடையில் உடோன் எனும் சாதாரண கோதுமை நூடுல்ஸ் 6 யென்னுக்கே கிடைத்தது. ஏழைகளின் உணவு என்று இன்று நாம் நினைப்பது, பிறந்தபோது சற்று ஆடம்பரமான பொருளாகவே இருந்தது.

கோப்பையில் அடைத்த நூடுல்ஸ் 1971இல் வந்தது. அடுத்த பிப்ரவரியில், ஜப்பானின் அசாமா மலைப்பகுதி விடுதி ஒன்றில் பிணைக்கைதியைப் பிடித்துவைத்திருந்த ஆயுதக் குழுவைச் சுற்றிவளைத்த காவலர்கள், உறைபனியில் நின்றபடி இதை உண்பதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதன் பிறகு விற்பனை பெருகியதில் வியப்பில்லை. அடுப்பும் பாத்திரமும் இல்லாத இடத்திலும் சூடான உணவு கிடைக்கும் என்பதற்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் வேண்டுமா?

(காட்சி: உலக வரைபடம்.)

சென்ற இடமெல்லாம் இது ஊருக்கேற்ற சுவையை ஏற்றுக்கொண்டது. அரிசித் தட்டுப்பாட்டில் தவித்த தென்கொரியாவில் 1963இல் அறிமுகமாகி, காலப்போக்கில் மிளகாய்க் காரத்தில் சிவந்தது. இந்தோனேசியாவில் குழம்பே இல்லாத மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், ஆனது. நைஜீரியாவில் முட்டையோடு குழந்தைகளின் தட்டுக்கு வந்தது. 1983இல் இந்தியாவுக்கு வந்த மேகி, மசாலாவைக் கொண்டுதான் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அமெரிக்கச் சிறைகளிலோ, கைதிகளுக்கிடையே சிகரெட்டின் இடத்தைப் பிடித்துப் பணம்போலப் புழங்குவதாக 2016இல் வெளிவந்த ஆய்வு கூறியது. சிறை உணவின் அளவும் தரமும் குறைந்ததே காரணம் என்றும் அது சொன்னது.

காவலர், கைதி, விடுதி மாணவர் என இதை நம்பியிருப்பவர்களைப் பார்த்தால், வீட்டு அடுக்களையிலிருந்து விலகி வாழ்பவர்களே மிகுதி. நம் மாவட்டத்தில் அத்தகையோருக்குக் குறைவில்லை. தூத்தூர்ப் பகுதியிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் மீனவர்கள், வளைகுடா நாடுகளில் ஒரே அறையைப் பலரோடு பகிர்பவர்கள், வடமாநிலங்களிலிருந்து இங்கு வந்து கட்டட வேலை செய்பவர்கள் என அந்தப் பட்டியல் நீளும். வீட்டில் இருப்போரும் விலக்கல்லர். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பீன்சும் கேரட்டும் முட்டையும் சேர்த்துக் கிளறித் தரும் தாய்மாரைச் சோம்பேறிகள் என்று பழிப்பவர்கள், அந்தத் தாய் அன்று எத்தனை மணிக்கு வேலையிலிருந்து திரும்பினார் என்று கேட்பதில்லை.

ஆனால் கவலை முழுதும் பொய்யன்று. 2015 ஜூனில் ஈயம் அதிகமிருப்பதாகக் கூறி மேகிக்கு நாடு முழுதும் விதித்த தடையை, சோதனை முறைகளில் குறை கண்ட பம்பாய் உயர்நீதிமன்றம் ஆகஸ்டில் நீக்கியது. நவம்பரில் அது கடைகளுக்குத் திரும்பியது. அந்தப் பரபரப்பில் யாரும் அதிகம் பேசாதது உப்பைப் பற்றித்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பாக்கெட்டுகளில் ஒன்றிலேயே 2 கிராமுக்கு மேல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மசாலாப் பொட்டலத்தில்தான் உள்ளது என்பதால், பாதியை மட்டும் போட்டு, மீதிச் சுவைக்கு வீட்டு மிளகுத்தூளையும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.