ஜாமீன் கிடைத்தவர் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்?

(திருப்பூரில் நடந்த வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ‘சிறையும் சமூகமும்’ என்னும் தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பின்னலாடைத் தொழில் முனைவோர்களே, வழக்கறிஞர் பெருமக்களே, ஷிப்ட் முடிந்த கையோடு தலையில் பஞ்சுத் தூசியுடன் வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் தொடங்க என் மனம் ஒப்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புத்தகத் திருவிழாவில் தமக்கென வாங்குவதில் ஒரு பங்கைச் சிறை நூலகத்துக்கு அனுப்பி வைக்கிறவர் அவர். பெயர் போடாமல் அனுப்புகிறவர். நான் மேடையில் சொல்வது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறேன். நீதிபதி ஐயா பணியில் இருந்த காலத்தில், ஜாமீன்தாரர்களைச் சாயங்காலம் வரை வராந்தாவில் நிறுத்தி வைக்காமல் முற்பகலிலேயே சரிபார்த்து அனுப்பிவிடுவார் என்று மூத்த வழக்கறிஞர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த ஒரு வழக்கத்தால் எத்தனை பேர் ஒரு ராத்திரி முன்னதாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்! தலைமையாசிரியை அம்மா தம் பள்ளி மாணவிகளை இந்தக் கூட்டத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். சிறையைப் பற்றிய பேச்சு பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்வதாக இருக்கிறேன். நீதிமன்றம் தண்டனையை எப்படி அளக்கிறது என்பது ஒன்று. பரோல் என்று நாம் சொல்லும் விடுப்பு இரண்டாவது. தண்டனையே இல்லாமல் உள்ளே இருப்பவர்கள் மூன்றாவது.

அதற்கு முன் நம் மண்ணைப் பற்றிக் கொஞ்சம். கோவை மத்திய சிறை 1872-இல் கட்டப்பட்டது. காந்திபுரத்துக்குப் பஸ்ஸில் போகிற எல்லோரும் அந்த மதிலைப் பார்த்திருக்கிறோம். 1908 முதல் 1910 வரை கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. அங்கேதான் இருந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். அந்தக் கல்செக்கு இன்றும் அங்கே நினைவுச் சின்னமாக இருக்கிறது; பிள்ளைகளை ஒரு முறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டதும் அந்த மதிலுக்குள்தான். இந்தப் பக்கம் சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் மாண்டார்கள். கொங்கு நாட்டுக்குச் சிறை புதிதல்ல. சிறையில் இருந்தவரெல்லாம் கெட்டவர் என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போதும் இருந்ததில்லை.

வ.உ.சி.க்குக் கோவையில் துணை நின்றவர்களில் வழக்கறிஞர் சி.கே. சுப்பிரமணிய முதலியார் ஒருவர். பின்னாளில் பெரியபுராணத்துக்கு உரை கண்ட அதே பெருமகனார். வ.உ.சி. போன்ற பெரிய மனிதருக்கும் வெளியில் ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆளே இல்லாதவன் என்ன செய்வான்? எங்கள் அப்பாரு ஒரு பழமொழியை வாய் ஓயாமல் சொல்வார்: ஏழை சொல் அம்பலம் ஏறாது. களத்து மேட்டுச் சண்டைக்கும் சொல்வார், கூலிப் பாக்கிக்கும் சொல்வார். சிறை விஷயத்துக்கு அதைவிடப் பொருந்துகிற வார்த்தையை நான் இதுவரை கண்டதில்லை.

தண்டனைக்கு வருகிறேன். நம் சட்டத்தில் பெரும்பாலான பிரிவுகள் ‘இத்தனை ஆண்டுகள் வரை’ என்றுதான் சொல்கின்றன. அந்த ‘வரை’க்குள் எவ்வளவு என்பதை நீதிபதி முடிவு செய்கிறார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தில் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. நல்ல மாற்றம். பரோலுக்கு நம் மாநிலத்தில் 1982-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. சாதாரண விடுப்பு, அவசரகால விடுப்பு என்று இரண்டு வகை. தாய் தகப்பன் சாவுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் வர வழி உண்டு. இதை விரித்துப் பேச ஆசைதான். ஆனால் விடுப்பு என்பது தண்டனை பெற்றவருக்கு. தண்டனையே பெறாதவரைப் பற்றி முதலில் பேச வேண்டும். என் நெஞ்சை அரிப்பது அதுதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். இவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு ஜாமீனே கிடைத்துவிட்டது. உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. ஆனாலும் உள்ளே இருக்கிறார்கள்!

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

காங்கேயம் பக்கம் ஒரு சிற்றூர். தேங்காய்க் களத்தில் பருப்பு உலர்த்தும் வேலைக்குப் போகிற அம்மா. கணவர் இல்லை. ஒரே மகன், சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். நோம்பிச் சமயத்தில் நடந்த ஒரு அடிதடியில் அவன் பெயரும் சேர்ந்துவிட்டது. ரிமாண்ட் ஆகிக் கோவைக்குப் போனான். இலவச சட்ட உதவியில் வந்த வழக்கறிஞர் நல்லவர். மனு போட்டார், வாதாடினார், ஜாமீனும் வாங்கிவிட்டார். போனில் சேதி வந்தது. அந்த அம்மா அன்று சாயங்காலமே கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டு, கடைசி பஸ் வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மகன் வரவில்லை.

மறுநாள்தான் விவரம் தெரிந்தது. உத்தரவில் ‘தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இருநபர் ஜாமீன்’ என்று இருக்கிறது. சொத்து உள்ள இரண்டு பேர் நீதிமன்றத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். முதலில் களத்து முதலாளியிடம் போனார். “நீ நல்லவள்தான் அம்மணி, ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை” என்றார் அவர். பங்காளி ஒருவர் வரத் தயார். ஆனால் அவருடைய வீட்டு வரி ரசீது, செத்துப் போன அவர் அப்பாவின் பெயரிலேயே இன்னும் இருக்கிறது. அந்த அம்மாவின் அண்ணன் கரூர் மாவட்டத்திலிருந்து மஞ்சப்பையில் சிட்டா, அடங்கல், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ் பிடித்து வந்தார். நாலு ஏக்கர் மேட்டாங்காடு வைத்திருக்கிறவர். பகல் முழுக்க நின்ற பிறகு, “வெளி மாவட்டத்து ஆள் செல்லாது, உள்ளூர் ஆளாகக் கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். தாய்மாமன் செல்லாதாம்! மருமகன் ஓடிப் போனால் தேடிப் பிடிக்க அந்த மாமனைவிடத் தகுதியான ஆள் யார்?

அங்கேயே வாசலில் ஒருவன் காத்திருந்தான். பணம் கொடுத்தால் இரண்டு ஜாமீன்தாரர் தயார் என்றான். யாரென்றே தெரியாத ஆட்கள். அந்த அம்மா ஊருக்குத் திரும்பி இரண்டு வெள்ளாட்டை விற்றார். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கொடுப்பதற்கு முன் மகனை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ் மாறி, சிறை வாசலில் மனு போட்டார். இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் வலை, எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். அவன் கேட்ட முதல் கேள்வி, “ஆட்டுக்கு யார் தழை ஒடித்துப் போடுகிறார்கள்?” என்பது. “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் கண்ணு” என்றார் அந்த அம்மா. விற்றதைச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு ஓடியாடி உதவும் எங்களுக்கு அந்தச் சேதி வந்தது அன்றைக்குத்தான். அந்தப் பணத்தைக் கொடுக்கவிடாமல் தடுத்து, அவர் ஊரிலேயே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடமும் டீக்கடைக்காரர் ஒருவரிடமும் போய்ப் பேசினோம். டீக்கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “அந்தப் பையன் என்னிடம் பாக்கி வைத்ததில்லை” என்றார், கடையைப் பூட்டினார், கிளம்பிவிட்டார். மகன் வெளியே வந்தான். அதற்குள் தவணை கட்டாத ஆட்டோவை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒரு வாய்தாவுக்கும் அவன் தவறியதில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது. ஏறியும் என்ன பயன், அம்பலம் விடு என்று சொன்ன பிறகும் கதவு திறக்கவில்லையே!

இதைத் தட்டிக் கேட்ட பெரியவர்கள் இல்லாமல் இல்லை. 1978-இல் மோத்தி ராம் என்னும் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக்காரர். கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய அண்ணன் தம்பி கொடுத்த உத்தரவாதத்தை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவருடைய கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, விடச் சொன்னார். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ பஸ்தரில் கைதானால், அங்கே சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டார். இன்றைக்கு அந்தக் கேள்வி திரும்பி நம் ஊருக்கே வந்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேசையிலும் பவர்டேபிளிலும் நிற்கிற பிள்ளைகள், திருப்பூரில் வீட்டு வரி ரசீது உள்ள இரண்டு பேருக்கு எங்கே போவார்கள்? அவர்கள் தைத்த துணி கப்பல் ஏறுகிறது. அவர்களுக்காக ஒரு கையெழுத்து ஏற மறுக்கிறது.

2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளே வகுத்துவிட்டது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதே தாமதத்துக்கு ஒரு காரணம், அந்த நிபந்தனை வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கும், அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிக்கும் பண உதவி உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் பல வழக்குகள் உள்ளவருக்கும் இது பொருந்தாது. அப்படி விடுவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. இத்தனையும் காகிதத்தில் இருக்கிறது. கொண்டு போய்க் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார். இன்னும் ஒன்றே ஒன்று, ஐயா.

ஜாமீன் நிற்பது என்றால் நம் மக்களுக்கு ஏன் இவ்வளவு பயம்? வீடு போய்விடும் என்கிறார்கள். அத்தனை சுலபமாகப் போகாது. பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகைக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு. ஆள் வராமல் போனாலும் நீதிமன்றம் முதலில் உங்களிடம் விளக்கம் கேட்கும். நியாயமான காரணம் இருந்தால் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. இவனை நம்ப முடியவில்லை என்று பிறகு தோன்றினால், என்னை விடுவியுங்கள் என்று மனுக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காசுக்கு நிற்பது வேறு, அது தவறு. தெரிந்த பிள்ளைக்கு, பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு, உங்கள் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்த பிள்ளைக்கு நில்லுங்கள் என்கிறேன். உறவில் ஒருவர் வீடு கட்டக் கடன் வாங்கினால் யோசிக்காமல் வங்கியில் லட்சக்கணக்கில் உத்தரவாதக் கையெழுத்துப் போடுகிறோம். பத்தாயிரத்துக்கு ஒரு மனிதனை வெளியே எடுக்கக் கை நடுங்குகிறது.

முன்வரிசைப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனித் தொழிலாளி கைதானால், அடுத்த நாளே அவன் பெட்டி படுக்கையை ஹாஸ்டலுக்கு வெளியே வைக்கச் சொல்லாதீர்கள். இவன் எங்களிடம் வேலை பார்க்கிறான், இந்த முகவரியில் தங்கியிருக்கிறான் என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டிச் சொந்தப் பிணையில் விடும்படி வழக்கறிஞர் கேட்க முடியும். வழக்கறிஞர்களே, 2023 உத்தரவின் நகலை ஒவ்வொரு ஜாமீன் மனுவோடும் இணையுங்கள். தாய்மார்களே, யாருக்கு என்ன தேவை என்றாலும் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் அது. காவலில் இருக்கிற யாரும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பிச்சை இல்லை, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை.

ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை என்றால், ஏற்றிவிட நாம் போக வேண்டும். வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஜாமீன் நிற்க விருப்பமுள்ளவர்கள் பெயர், ஊர், போன் நம்பர் எழுதிவிட்டுப் போங்கள். ஆதார் நகல், இந்த ஆண்டு வீட்டு வரி ரசீது நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, இவற்றை ஒரு கவரில் போட்டு வீட்டில் தயாராக வைத்திருங்கள். ரசீது அப்பா பெயரில் இருந்தால் இந்த மாதமே பெயர் மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். ஒடியாவோ இந்தியோ பேசத் தெரிந்தவர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். வருகிற திங்கட்கிழமை கோவைச் சிறைக்கு மனுப் பார்க்க, அதாவது கைதிகளைச் சந்திக்க, போகிறோம், அவர்களில் இரண்டு பேராவது உடன் வர வேண்டும். வணக்கம்.