பழைய லாரி இஞ்சின் ஏன் ஒரு அளவுக்கு மேல் இழுக்காது?

(காட்சி: செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு)

பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிய பழைய லாரி ஒன்று கேரளாவுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் கியர். பின்னால் வரிசையாக வண்டிகள். குழாயில் கரும்புகை.

"பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டி வையுங்க அண்ணாச்சி, இழுத்துரும்" என்பார்கள். சிலிண்டர்களுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பைச் சொல்கிறார்கள். அந்தப் புகையைப் பாருங்கள். அது காசு கொடுத்து வாங்கி, முழுசாக எரியாமல் போகிற டீசல். இந்த இஞ்சினுக்குப் பற்றாக்குறை டீசல் இல்லை, காற்று.

(காட்சி: வெட்டிக் காட்டிய இஞ்சின் படம்)

பழைய டாடா லாரிகளில் இருந்த 697 இஞ்சினை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் அகலம். மொத்தக் கொள்ளளவு சுமார் 5.7 லிட்டர். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழோ, கீழிருந்து மேலோ ஒரு முறை ஓடுவது ஒரு ஸ்ட்ரோக். நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் 1,200 மூச்சு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாவிட்டால், முழுசாக நிரம்பினாலும் நிமிடத்துக்குச் சுமார் 6,800 லிட்டர் காற்றுக்கு மேல் உள்ளே போகாது. எடையில் சுமார் எட்டுக் கிலோதான். புகையில்லாமல் எரிய ஒரு கிலோ டீசலுக்குக் கிட்டத்தட்ட 20 கிலோ காற்று வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 400 கிராம் டீசல்தான் கணக்கு. அதில் கிடைப்பது நூற்றுச்சொச்சம் குதிரைசக்தி.

சுற்றைக் கூட்டலாமே? நீளமான ஸ்ட்ரோக், கனமான பிஸ்டன். பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு தாங்காது. டீசல் எரிந்து முடிக்க நேரமும் போதாது.

சரி, டர்போ போட்டால்? காற்று கிடைக்கும், சக்தியும் ஏறும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சேர்ந்தே ஏறும். ஹெட் போல்ட், கேஸ்கெட், பேரிங் எல்லாம் பழைய அழுத்தத்துக்குச் செய்தவை.

(காட்சி: கையில் ஒரு பழைய பிஸ்டன், மிக அருகில்)

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். தலையில் கிண்ணம் மாதிரி ஒரு குழி. அதன் விளிம்பு ஓரிடத்தில் மெழுகு வடிந்த மாதிரி இருக்கிறதா? இது அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். மேலே எரிகிற தீயோ 2,000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாக லைனருக்கும் (சிலிண்டரின் உள்சுவர்), அடியில் ஆயிலுக்கும் சூடு இறங்குவதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. கீழிருந்து ஆயில் பீய்ச்சும் ஜெட் பல பழைய இஞ்சின்களில் கிடையாது. டீசலைக் கூட்டக் கூட்ட, சூடு இறங்க வழியில்லாமல் இந்த விளிம்புதான் முதலில் போகும்.

அப்புறம் பம்ப். பழைய பம்பில் இஞ்சின் சுற்று குறைந்தால் பீய்ச்சும் அழுத்தமும் குறையும். ஏற்றத்தில் திணறும்போதுதான் டீசல் தூறல் பெரிய துளியாக விழும், சரியாக எரியாது. எல்லா சிலிண்டருக்கும் பொதுவான குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் இன்றைய காமன் ரெயிலில் அப்படியில்லை. குறைந்த சுற்றிலும் உயர்ந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்க முடியும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டீசல் அளவைக் கூட்டும் பம்ப் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றித் தூறல் பாருங்கள், வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைச் சரி பண்ணுங்கள். புளியரையில் வண்டி திணறும்வரை காத்திருக்காமல், வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிவிடுங்கள்.