பின்பக்க டிரம்முக்குப் பதிலாக டிஸ்க்: கவனிக்க வேண்டியது எங்கே?

வணக்கம். ஸ்டாண்டின் மேல் நிற்கும் இந்த பிக்கப்பின் பின்சக்கர டிரம் பிரேக்குகளை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தும் வேலையை இன்று பார்க்கப்போகிறோம். டிஸ்க்கையும், அதன்மேல் பேடுகளை (உராய்வுக் கட்டைகளை) அழுத்தும் காலிப்பரையும் மாட்டுவதுதான் பெரிய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள்; என் கணக்கில் அது சுலபமான பாதி. வண்டி நேராக நிற்குமா, சுழன்று திரும்புமா என்பதை முடிவு செய்வது பிரேக் ஆயில் போகும் பாதைதான்.

டிரம்மில், சுழலும் டிரம்மே முன் ஷூவை (உள்ளிருந்து டிரம்மை உரசும் வளைந்த கட்டையை) இழுத்துத் தன் மேல் இறுக்கிக்கொள்வதால், குறைந்த அழுத்தத்திலேயே நல்ல பிடிப்பு கிடைத்துவிடுகிறது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேடை அழுத்தும் விசை முழுவதும் பிஸ்டனிலிருந்தே வரவேண்டும் என்பதால் காலிப்பர் பிஸ்டன், டிரம்மில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டனைவிட மிகப் பெரிதாக இருக்கும். அதை நகர்த்த அதிக ஆயிலும் தேவைப்படும். மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அந்த அளவைத் தள்ளாவிட்டால், பிரேக் மிதி தரையை நோக்கி இறங்கும்.

இப்போது பெஞ்சில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை அருகில் காட்டுகிறேன். பின்பக்கக் குழாய் சேரும் துளைக்குள் பித்தளை வளையம் ஒன்று தெரிகிறதல்லவா? அதற்குப் பின்னால் விரல்நுனி அளவுக்கூட இல்லாத ஒரு ரப்பர் வால்வு ஒளிந்திருக்கிறது. டிரம் பிரேக்குக்காகக் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்ட்) அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைப்பது இதன் வேலை. இதை அப்படியே விட்டால் பேடுகள் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்து சூடாகும். பித்தளை வளையத்தில் சிறிய ஸ்க்ரூ ஒன்றை முறுக்கி நேராக இழுத்தால் வளையம் வந்துவிடும். வால்வை எடுத்துவிட்டுப் புது வளையம் போட வேண்டும். எல்லா மாஸ்டர் சிலிண்டரிலும் இது இருக்காது. மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக, தளத்துக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் மட்டும், ஆயில் திரும்பி வடியாமலிருக்க 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்றைக் குழாயில் சேர்ப்பார்கள்.

அடுத்தது அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு. சுமை ஏற்றாத பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கனவே லேசானது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் இன்னும் லேசாகிவிடும். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் (சுழலாமல் நின்றுவிட்டால்) வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும், ஸ்டியரிங்கால் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம். எனவே திருகிச் சரிசெய்யும் வால்வைப் பின்பக்கக் குழாயில் வைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, காலியான திறந்த இடத்தில் சோதித்துக்கொண்டே கூட்ட வேண்டும். எப்போதும் முன்சக்கரமே முதலில் பூட்ட வேண்டும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால், அதன் அமைப்பு பழைய பிரேக்குக்கு ஏற்ப அளவிடப்பட்டது என்பதால், அந்த மாடலுக்கென்றே சோதிக்கப்பட்ட கிட் கிடைக்காவிட்டால் நான் கை வைக்க மாட்டேன்.

ஆக்சில் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரம்மின் பின்தகட்டை எடுக்க ஆக்சில் ஷாஃப்ட் வெளியே வர வேண்டும். ஷாஃப்டின் உள்முனையை ‘C’ வடிவக் கிளிப் பிடித்திருக்கும் சி-கிளிப் வகையில், ஆக்சில் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி) மூடியைத் திறந்து, நடுப்பின்னை எடுத்து, ஷாஃப்டைச் சற்று உள்ளே தள்ளினால் கிளிப் கையோடு வந்துவிடும். வெளியே வந்ததும் ஆயில் சீலை மாற்றிவிடுங்கள், ஏனெனில் கியர் ஆயில் கசிந்து பேடில் பட்டால் இத்தனை உழைப்பும் வீண். காலிப்பரை மாட்டும்போது காற்று எடுக்கும் நிப்பிள் மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வலது, இடது மாறினால் அது கீழே போய்விடும், எவ்வளவு மிதித்தாலும் காற்று முழுவதும் வெளியேறாது.

கைபிரேக்கை மறந்துவிட்டு கிட் வாங்குபவர்கள் உண்டு. டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் சிறிய டிரம் வைத்தது, காலிப்பருக்குள்ளேயே திருகு அமைப்பு வைத்தது என இரு வகை இருக்கின்றன. சரிவில் சுமையோடு நிறுத்தும் வண்டிக்கு முதல் வகைதான் என் தேர்வு.

காற்று எடுத்து, பேடுகளை டிஸ்க்கோடு உரசிப் படிய வைத்த பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டு, இரு டிஸ்க்குகளின் வெப்பத்தையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகச் சூடு கூடியிருந்தால், அந்தக் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னையும் கைபிரேக் கேபிளின் இறுக்கத்தையும் பார்த்த பிறகே சுமை ஏற்றுங்கள்.